கேளுங்கோ, சொல்லுறன்: ரெண்டு ஸ்கானும் சேர்த்து எடுத்தா பயொப்சி தேவையில்லையோ?

போன இதழில பிஎஸ்ஏ எண்ட புரஸ்டேட் ரெத்தச் சோதனை பற்றி ரெண்டு வரி எழுதினது தான், அதுக்குப் பிறகு வந்த கடிதமும் வட்ஸ்அப் வொய்ஸும் முக்கால்வாசி புரஸ்டேட் பற்றித்தான், அதிலயும் ஸ்கான் பற்றித்தான். அதால இந்தமுறை மற்றக் கேள்வியளை ஒதுக்கி வைச்சிட்டு இதை மட்டும் எடுக்கிறன். நான் டொக்டர் இல்லை, எக்ஸ்ரே ஸ்கான் அறையளில வேலை செய்து பென்ஷனில இருக்கிற ஆள், படம் என்ன சொல்லும் என்ன சொல்லாது எண்டது தான் எனக்குத் தெரிஞ்சது. மருந்து, ஒப்பரேஷன் எல்லாம் உங்கட கிளினிக்கில கேளுங்கோ.

கேள்வி: அண்ணை, அப்பாவுக்கு 67 வயசு. இரவில நாலைஞ்சு தரம் சலத்துக்கு எழும்புறார். கிளினிக்கில பிஎஸ்ஏ பாத்தா 9.8. டொக்டர் எம்ஆர்ஐக்கு எழுதித் தந்து, பேந்து பயொப்சியும் (ஊசியால சதைத் துண்டு எடுத்துச் சோதிக்கிறது) எடுக்க வேண்டி வரலாம் எண்டவர். கனடாவில இருக்கிற அண்ணா சொல்லுறார், சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கானும் எம்ஆர்ஐயும் சேர்த்து எடுங்கோ, 92 வீதம் சரியாச் சொல்லுமாம், ஊசியே குத்தத் தேவையில்லை, காசு நான் அனுப்புறன் எண்டு. அப்பாவும் ஊசி எண்ட உடன பயந்து அண்ணாவின்ர பக்கம் நிக்கிறார். என்ன செய்யிறது? (விசுவமடு)

பதில்: தம்பி, பிஎஸ்எம்ஏ எண்டது புரஸ்டேட் கான்சரில கூடுதலா இருக்கிற ஒரு புரதம், அதில போய் ஒட்டுற மெல்லிய கதிர்வீச்சு மருந்தை ஏத்தி எடுக்கிறது தான் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கான். அந்த 92 வீதம் பொய்க்கணக்கு இல்லை. 2020இல லான்செட் சஞ்சிகையில வந்த அவுஸ்திரேலிய ஆய்வு ஒண்டு, புரோ பிஎஸ்எம்ஏ எண்டு பேர், அதில இருக்கிற எண் தான் அது. ஆனா அந்த ஆய்வில சேர்ந்த 302 பேரும் ஏற்கனவே பயொப்சி எடுத்து கான்சர் எண்டு உறுதியான ஆக்கள், அதுவும் மூர்க்கமா நடக்கக்கூடிய வகை எண்டு கணிச்ச ஆக்கள். அங்க கேட்ட கேள்வி கான்சர் இருக்கோ எண்டதில்லை, இருக்கிற கான்சர் நெறிகட்டுக்கோ எலும்புக்கோ பரவிட்டுதோ எண்டது. அந்தக் கேள்விக்கு பழைய முறை, அதாவது சாதாரண சீடி ஸ்கானும் எலும்பு ஸ்கானும், 65 வீதம் சரியாச் சொல்லிச்சு, பிஎஸ்எம்ஏ பெட்-சீடி 92 வீதம் சொல்லிச்சு. பெரிய வித்தியாசம் தான். ஆனா உங்கட அப்பாவுக்கு இன்னும் கான்சர் இருக்கோ எண்டே தெரியாது, அவருக்கு அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு வரேலாது.

அப்பாவின்ர கேள்விக்கு வேற ஆய்வுகள் இருக்கு. முதல் எம்ஆர்ஐயைப் பாப்பம். 2017இல இங்கிலாந்துக்காரர் பிரொமிஸ் எண்டு ஒண்டு வெளியிட்டவை, 576 பேர், ஒவ்வொருத்தருக்கும் எம்ஆர்ஐ, வழமையான பயொப்சி, அதோட புரஸ்டேட் முழுக்க 5 மில்லிமீற்றருக்கு ஒரு ஊசி எண்ட கணக்கில கட்டங்கட்டமாக் குத்தி எடுக்கிற பயொப்சி எண்டு மூண்டும் செய்தவை. பாவம் அந்த மனுசர், ஆனா அவையளால தான் எங்களுக்கு இண்டைக்கு ஒரு தெளிவு இருக்கு. கட்டங்கட்டமாக் குத்தினதை உண்மை எண்டு வைச்சுக்கொண்டு மற்ற ரெண்டையும் அளந்தா, கவனிக்க வேண்டிய கான்சர் (சும்மா கிடக்காமக் கெடுதல் செய்யக்கூடியது) இருந்த ஆக்களில எம்ஆர்ஐ 93 வீதம் பேரைப் பிடிச்சிருக்கு, அல்ட்ராசவுண்டில புரஸ்டேட்டின்ர உருவத்தை மட்டும் பாத்துக் குத்துற வழமையான பயொப்சி 48 வீதம் தான் பிடிச்சிருக்கு. அதேநேரம் அந்தமாதிரிக் கான்சர் இல்லாத ஆளுக்கு 'உனக்கு இல்லை' எண்டு சொல்லுறதில எம்ஆர்ஐ நல்லா சொதப்பும், 41 வீதம் தான். புரஸ்டேட் அழற்சி, பழைய கிருமித் தழும்பு எல்லாத்தையும் அது சந்தேகமாத்தான் பாக்கும்.

இப்ப அண்ணா சொல்லுற சேர்த்து எடுக்கிற விசயம். 2021இல வந்த பிரைமரி எண்ட ஆய்வு, அதுவும் அவுஸ்திரேலியா தான், 291 பேர், உங்கட அப்பா மாதிரி சந்தேகம் மட்டும் உள்ள ஆக்கள். எல்லாருக்கும் எம்ஆர்ஐயும் எடுத்து இடுப்புப் பகுதிக்கு பிஎஸ்எம்ஏ பெட்டும் எடுத்து பிறகு பயொப்சியும் எடுத்தவை. வீதக்கணக்கை விட்டிட்டு தலைக்கணக்காச் சொல்லுறன், அண்ணாவுக்கும் இதை அப்பிடியே வாசிச்சுக் காட்டுங்கோ. 291இல 162 பேருக்கு பயொப்சியில கவனிக்க வேண்டிய கான்சர் வந்தது. எம்ஆர்ஐயை மட்டும் நம்பியிருந்தா அந்த 162இல 27 பேர் மட்டில தப்ப விட்டிருப்பினம், ரெண்டு ஸ்கானையும் சேர்த்துப் பாத்தபோது 5 பேரைத் தான் தப்ப விட்டது. இது உண்மையாவே பெரிய முன்னேற்றம், இதைக் கேட்டுத்தான் எல்லாரும் குதிக்கினம். ஆனா மிச்சம் 129 பேர் இருக்கினம் தானே, அந்தக் கான்சர் இல்லாத ஆக்கள், அவையில 78 பேர் மட்டில சேர்த்துப் பாத்ததில சந்தேகப் பக்கத்தில வந்திட்டினம், எம்ஆர்ஐ மட்டும் எண்டா அது 60 மட்டில தான் இருந்திருக்கும். ஒரு ஸ்கான் இல்லாட்டி மற்ற ஸ்கான் எதையாவது காட்டினா சந்தேகம் எண்டு எடுத்தா தப்புறது குறையும், வீணாப் பயப்பிடுறதும் கூடும், ரெண்டும் சேர்ந்து தான் வரும்.

கடைசியில ரெண்டு ஸ்கானுமே ஒண்டுமில்லை எண்டு சொன்னது 56 பேருக்கு. அதாவது ஐஞ்சு பேரில ஒருத்தர். அந்த 56இலயும் 51 பேருக்கு உண்மையாவே இல்லை, 5 பேருக்கு இருந்தது. ஆக அண்ணா அனுப்புற காசு ஐஞ்சில ஒராளுக்குத் தான் ஊசியை மிச்சம் பிடிச்சுத் தரும், மற்ற நாலு பேரும் சென்னை போய் வந்து பிறகும் ஊசிக்குத்தான் போகவேணும். அப்பாவுக்கு இதை ஒளிக்காமச் சொல்லுங்கோ.

ஊசி ஏன் விடேலாது எண்டா, ஸ்கானில தெரியிறது கான்சரே இல்லை, கான்சர் இருந்தா வரக்கூடிய அடையாளம். இரவில வயல் காவலுக்குப் போய் டோர்ச் அடிச்சா பத்தைக்குள்ள ரெண்டு கண் மினுங்கும், ஏதோ நிக்குது எண்டு தெரியும், மானோ பண்டியோ ஆற்றையும் மாடோ எண்டு கிட்டப் போனாத்தான் தெரியும். பயொப்சித் துண்டை மைக்கிரஸ்கோப்பில பாத்துத்தான் கிளீசன் எண்டு ஒரு தரம் போடுவினம், 3+3 எண்டா பெரும்பாலும் சும்மா பாத்துக்கொண்டு இருக்கலாம், 4+4 எண்டா கெதியா வைத்தியம் தொடங்கவேணும், அந்த ரெண்டுக்கும் இடையில இருக்கிற தூரம் தான் அப்பாவின்ர மிச்ச வாழ்க்கை. அதை எந்த ஸ்கானும் எழுதித் தராது.

இப்ப செய்ய வேண்டியதைச் சொல்லுறன். முதல்ல அந்த 9.8ஐ இன்னொருக்கா பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. சலத்தில கிருமி இருந்தாலோ சல ரியூப் போட்டிருந்தாலோ பிஎஸ்ஏ ஏறும், அந்தமாதிரி ஏதும் இருந்தா ஆறு கிழமை மட்டில விட்டுப் பாக்கிறது நல்லது, ரெத்தம் குடுக்கிறதுக்கு முதல் ரெண்டு நாள் நெடுந்தூரம் சைக்கிள் ஓட வேண்டாம், விசுவமட்டில இருந்து தோட்டத்துக்கு சைக்கிளில போய் வாற மனுசனெண்டா இதையும் டொக்டரிட்டச் சொல்லுங்கோ. இரவில எழும்பிறது பெரும்பாலும் வயசோட புரஸ்டேட் பெருக்கிறதால வாறது, கான்சருக்கு அது அடையாளம் எண்டு எடுக்கத் தேவையில்லை. பெருப்புக்கு பினஸ்டரைட் மாதிரி குளிசை போடுறார் எண்டா அதையும் கட்டாயம் சொல்லவேணும், அது பிஎஸ்ஏயைப் பாதியாக் குறைச்சுக் காட்டும்.

பிறகு டொக்டர் எழுதின எம்ஆர்ஐயை எடுங்கோ, பயொப்சிக்கு முதல் எடுங்கோ, ஊசி குத்தின பிறகு எடுத்தா உள்ளுக்கு ரெத்தம் கசிஞ்சு ரெண்டு மூண்டு மாசத்துக்குப் படம் குழம்பும். ஐரோப்பிய வழிகாட்டலும் 2019இல இருந்து இந்த ஒழுங்கைத் தான் சொல்லுது, அதால உங்கட கிளினிக் டொக்டர் பழைய ஆள், தெரியாத ஆள் எண்டு நினைக்க வேண்டாம். ரிப்போட்டில பைராட்ஸ் எண்டு 1இல இருந்து 5 வரைக்கும் ஒரு எண் இருக்கும், 4, 5 எண்டா பயொப்சி தான், 1, 2 எண்டா பிஎஸ்ஏயையும் குடும்பத்தில ஆருக்கும் இருந்ததோ எண்டதையும் பாத்து பொறுத்திருக்கலாம், 3 தான் பிடுங்கல். அந்த 2, 3 ஆக்களில தான் பிஎஸ்எம்ஏயையும் சேர்க்கிறதால கூடுதல் பிரயோசனம். பயொப்சி எண்டு வந்தா எம்ஆர்ஐ படத்தில தெரியிற இடத்தைப் பாத்துக் குத்துவினமோ எண்டு கேளுங்கோ, 2018இல பிரிசிஷன் ஆய்வில 500 பேரை ரெண்டாப் பிரிச்சு, எம்ஆர்ஐ எடுத்து தேவையான ஆக்களுக்கு மட்டும் அப்பிடிக் குத்தின கூட்டத்தில 38 வீதம் பேருக்கும் வழமையாக் குத்தின கூட்டத்தில 26 வீதம் பேருக்கும் கவனிக்க வேண்டிய கான்சர் அகப்பட்டது, தேவையில்லாத சின்னக் கான்சரை இழுத்து வெளியில போடுறதும் இந்த முறையில குறைவு. மலவாசலுக்குள்ளால குத்தாமல் அதுக்கு முன்னால உள்ள தோலுக்குள்ளால குத்துற முறையும் இருக்கு, கிருமி தொத்துறது அதில குறைவு, அப்பாவின்ர பயத்துக்கு அது கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.

அண்ணாவின்ர காசை வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. பயொப்சியில மூர்க்கமான வகை எண்டு வந்தா அப்ப அந்த 92 வீதம் உங்கட வீட்டுக் கேள்வியா மாறும், அப்ப பலாலியில ஏறி சென்னை போனாலும் அது வீண் இல்லை.

கேள்வி: என்ர அவருக்கு 2009இல செல் (எறிகணை) பட்டது. இடுப்பிலயும் தொடையிலயும் துண்டுகள் இன்னும் இருக்கு. இப்ப பிஎஸ்ஏ கூட எண்டு எம்ஆர்ஐக்கு அனுப்பினவை, அங்க உடம்பில இரும்பு இருக்கோ எண்டு ஃபோமில கேட்டதுக்கு ஓம் எண்டு எழுதின உடன எடுக்கேலாது எண்டு திருப்பி விட்டிட்டினம். விடியப்பறம் மூண்டு மணிக்கு வெளிக்கிட்டுப் போனது ஐயா. அடுத்தமுறை இல்லை எண்டு எழுதலாமோ எண்டு கேக்கிறார். (புதுக்குடியிருப்பு)

பதில்: ஐயோ தங்கச்சி, அதை மட்டும் செய்ய விடாதேங்கோ. எம்ஆர்ஐ எண்டது பெரிய காந்தம், எப்பவும் ஓன் இல தான் இருக்கும், செல் துண்டு கூடுதலா உருக்கு, காந்தம் அதை இழுக்கும். கண்ணுக்குள்ள, மூளையில, முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில, பெரிய ரெத்தக்குழாய்க்குப் பக்கத்தில ஒரு அரிசி அளவு இருந்தாலும் அது அசைஞ்சா ஆள் குருடாகலாம், நடக்கேலாமப் போகலாம், உயிரும் போகலாம். இஞ்ச எங்கட ஆக்களில கனபேருக்கு எங்க எங்க துண்டு இருக்கு எண்டே தெரியாது, அண்டைக்கு காலில பட்ட பெரிய காயத்தைத் தான் பாத்திருப்பினம், நெத்தியில கீறினதை ஆர் பாத்தது.

ஆனா வாசலில நிக்கிற ஆள் ஏலாது எண்டு சொன்னதோட அது முடிஞ்ச கதையும் இல்லை. முதல் எக்ஸ்ரே எடுக்கவேணும், தலை கண் உட்பட, தேவையெண்டா சீடியும். துண்டு எங்க இருக்கு எண்டு வடிவாத் தெரிஞ்ச பிறகு ரேடியோலஜிஸ்ட் டொக்டர் தான் முடிவு எடுக்கவேணும். தொடைச் சதைக்குள்ள பதினைஞ்சு வரியத்துக்கு மேல கிடக்கிற துண்டைச் சுத்தி தழும்பு கட்டியிருக்கும், அப்பிடியான ஆக்களைப் பாத்து யோசிச்சு எம்ஆர்ஐ எடுக்கிறது உலகம் முழுக்க நடக்குது. கிளினிக் டொக்டரிட்ட போய் 'எக்ஸ்ரே எடுத்து ரேடியோலஜிஸ்ட்டுக்குக் காட்ட ஒரு கடிதம் தாங்கோ' எண்டு கேளுங்கோ. எக்ஸ்ரே படத்தை லமினேற் பண்ணாத குறையா பத்திரமா வைச்சிருங்கோ, வாழ்க்கை முழுக்கத் தேவைப்படும்.

இதுக்குள்ள இன்னொரு விசயம் இருக்கு, அதை ஒருத்தரும் சொல்லுறேல்லை. எடுக்கலாம் எண்டு விட்டாலும் படம் நல்லா வருமோ எண்டது வேற கேள்வி. இடுப்புக்குள்ள இரும்பு இருந்தா அதைச் சுத்தி படம் கறுத்து வளைஞ்சு போகும், புரஸ்டேட் கான்சரைக் கண்டுபிடிக்கிறதுக்கு முக்கியமான டிஃபியூஷன் எண்ட வகைப் படம் தான் எல்லாத்திலயும் கூடப் பழுதாகும். அப்பிடியான படத்தில ஒண்டுமில்லை எண்டு ரிப்போட் வந்தா அதை நான் நம்பமாட்டன். நான் மேல சொன்ன 93 வீதம், 162இல 27 எல்லாம் உடம்பில செல் துண்டு இல்லாத ஆக்களின்ர கணக்கு.

உங்கட அவர் மாதிரி ஆக்களுக்குத் தான் பிஎஸ்எம்ஏ பெட்-சீடி உண்மையாவே கை குடுக்கும் எண்டு நினைக்கிறன், அதில காந்தம் இல்லை. எம்ஆர்ஐ ஏலாத ஆள் எண்டு சொல்லி டொக்டரிட்டக் கேளுங்கோ. அதிலயும் ஒரு சின்னச் சிக்கல், இரும்புக்குப் பக்கத்தில சீடி கணக்குப் பிழைச்சு இல்லாத வெளிச்சத்தைக் காட்டும், அதால துண்டு இருக்கிற விசயத்தை அங்கயும் எழுதுங்கோ, திருத்தம் செய்யாத படத்தையும் பாத்து அவை பிரிச்சறிவினம். முள்ளந்தண்டு அடிபட்டு நெடுக சல ரியூபோட இருக்கிற ஆக்கள் இதை வாசிச்சா, உங்கட பிஎஸ்ஏ ரியூபாலயும் கிருமியாலயும் ஏறியிருக்கலாம், உடன பயந்து ஸ்கானுக்கு ஓட வேண்டாம்.

கேள்வி: மாமாவுக்கு கொழும்பில பெட் ஸ்கான் எடுத்து கிளியர் எண்டு வந்திட்டுது. ஆனா பிஎஸ்ஏ ஒவ்வொருமுறையும் கூடிக்கொண்டு போகுது. ஸ்கான் பிழையோ? (வவுனியா)

பதில்: ரிப்போட்டின்ர முதல் பந்தியை எடுத்து வாசியுங்கோ, எந்த மருந்து ஏத்தினது எண்டு இருக்கும். எஃப்டிஜி எண்டு இருந்தா அது சீனி மாதிரி ஒரு மருந்து, சீனியை அள்ளித் தின்னுற கான்சரைத் தான் வடிவாக் காட்டும், புரஸ்டேட் கான்சர் கூடுதலா மெதுவா நடக்கிறது, சீனி பெரிசாத் தின்னாது, போதாக்குறைக்கு அந்த மருந்து சலப்பையில சேர்ந்து பக்கத்தில இருக்கிற புரஸ்டேட்டை மறைச்சுப்போடும். அப்பிடி எண்டா அந்தக் கிளியரை நம்பி இருக்கேலாது. பெட் எண்ட சொல்லு மெஷினுக்குத் தான், உள்ளுக்கு ஏத்துற மருந்து தான் எதைத் தேடுறது எண்டு தீர்மானிக்கும். மகரகமவில அபேக்ஷா ஆஸ்பத்திரியில பெட் மெஷின் இருக்கு, தனியாரிலயும் இருக்கு, எங்க போனாலும் திகதி எடுக்க முதல் 'பிஎஸ்எம்ஏ தானே' எண்டு ஒரு வார்த்தை கேளுங்கோ, கேக்காமப் போய் காசும் பயணமும் பாழாகின ஆக்கள் இருக்கினம்.

பிஎஸ்எம்ஏ தான் எடுத்தது எண்டா, மாமாவுக்கு ஒப்பரேஷன் செய்தவையோ இல்லையோ எண்டு நீங்கள் எழுதேல்லை. செய்த பிறகு ஏறுற பிஎஸ்ஏ எண்டா அளவைப் பொறுத்தது. 2019இல அமெரிக்காவில 635 பேரில பாத்தது, பிஎஸ்ஏ 0.5க்குக் கீழ எண்டா 38 வீதம் பேருக்குத் தான் ஸ்கானில இடம் அகப்பட்டது, 1இல இருந்து 2 எண்டா 84, 5க்கு மேல எண்டா 97. அதாவது சின்னனா இருக்கேக்க தெரியாது, அதுக்காக இல்லை எண்டும் இல்லை. அதோட சில பேரின்ர கான்சர் அந்த பிஎஸ்எம்ஏ புரதத்தையே பெரிசா உண்டாக்காது, நூறில ஐஞ்சு பத்துப் பேர் அப்பிடி, அவையளுக்கு என்ன மெஷினில எடுத்தாலும் வெளிச்சம் வராது. பிஎஸ்ஏ ஏறுற வேகத்தை எழுதிக்கொண்டு போய் டொக்டரோட கதையுங்கோ.

கேள்வி: பிஎஸ்எம்ஏ ரிப்போட்டில 'ஏழாம் விலா எலும்பில லேசான ஏற்றம்' எண்டு இருக்கு. எலும்புக்குப் பரவிட்டுதெண்டு வீட்டில எல்லாரும் அழுகினம். (மாங்குளம்)

பதில்: அழ முதல் ஒண்டு கேளுங்கோ, அந்தப் பக்கம் எப்பவாவது அடிபட்டதோ, மரத்தால விழுந்தது, மோட்டச்சைக்கிளால விழுந்தது, பங்கருக்குள்ள பாயேக்க இடிச்சது ஏதும்? பொருந்தின எலும்பு முறிவும் பிஎஸ்எம்ஏயில மினுங்கும். பேஜெற் எண்ட எலும்பு வருத்தத்திலயும் மினுங்கும். விலா எலும்பில தனிய ஒரு மங்கல் புள்ளி எண்டது இந்த ஸ்கானில அடிக்கடி வாற வீண் பயம், அதுவும் பிஎஸ்எம்ஏ-1007 எண்ட மருந்து பாவிச்சா இன்னும் கூட வரும், மருந்தின்ர பேரை ரிப்போட்டில பாருங்கோ. எச்சில் சுரப்பி, கண்ணீர்ச் சுரப்பி, கிட்னி, சிறுகுடல் எல்லாம் சாதாரணமாவே மினுங்கிற இடங்கள் தான். பழைய அடியைப் பற்றி டொக்டருக்குச் சொல்லுங்கோ, அவர் அந்த இடத்துக்கு மட்டும் சீடியோ எம்ஆர்ஐயோ பாப்பார், இல்லாட்டி கொஞ்சநாள் விட்டு திரும்பப் பாப்பார். இந்த ஒரு புள்ளியை வைச்சு ஒப்பரேஷன் இல்லை எண்டு முடிவெடுத்தா ஏன் எண்டு கேக்கிற உரிமை உங்களுக்கு இருக்கு.

கேள்வி: எனக்கு கிட்னி வருத்தம், கிரியற்றினின் கூட. எம்ஆர்ஐக்கு மருந்து ஏத்துவினமாம், ஏத்தினா கிட்னி போயிடும் எண்டு பக்கத்து வீட்டு ஆள் சொல்லுறார். (செட்டிக்குளம்)

பதில்: உங்கட பக்கத்தில கிட்னி வருத்தம் கூட எண்டது தெரிஞ்ச விசயம் தான், பயம் நியாயம். எம்ஆர்ஐக்கு ஏத்துறது கடோலினியம், சீடிக்கு ஏத்துற அயடின் மருந்து வேற, ரெண்டையும் ஒண்டாக் கதைக்கிறது பிழை. இப்ப பாவிக்கிற புது வகைக் கடோலினியத்தில ஆபத்து மெத்தக் குறைவு. உங்களுக்கு இன்னொரு நல்ல செய்தி, 2025இல பிரைம் எண்ட ஆய்வில 490 பேரில மருந்து ஏத்தி எடுத்த எம்ஆர்ஐயையும் ஏத்தாம எடுத்ததையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தவை, ஏத்தினதில 29.6 வீதம் பேருக்கும் ஏத்தாததில 29.2 வீதம் பேருக்கும் கவனிக்க வேண்டிய கான்சர் அகப்பட்டது, அதாவது வித்தியாசமே இல்லை, படத்தின்ர தரம் மட்டும் நல்லா இருக்கவேணும். மருந்து இல்லாம எடுக்கலாமோ எண்டு கேளுங்கோ. பிஎஸ்எம்ஏ மருந்து தேவைப்பட்டாலும் அது துளி அளவு தான், கிட்னியைப் பழுதாக்கிற அளவு இல்லை.

கேள்வி: பெட் ஸ்கான் எடுத்திட்டு வந்தா பேரப்பிள்ளையைத் தூக்கக்கூடாதாம், எத்தினை நாளைக்கு? (முள்ளியவளை)

பதில்: நாள் இல்லை அம்மா, மணித்தியாலம். காலியம்-68 எண்ட மருந்து 68 நிமிசத்துக்கு ஒருக்கா பாதியாகும், புளோரின்-18 எண்டா 110 நிமிசத்துக்கு ஒருக்கா. கொழும்பில பஸ் ஏறி முள்ளியவளைக்கு வந்து இறங்கேக்க காலியம் எண்டா கிட்டத்தட்ட ஒண்டும் மிச்சம் இராது. அண்டைக்கு இரவு மட்டும் கைக்குழந்தையை மடியில வைச்சிருக்காமல் விட்டா காணும், தண்ணியைக் குடிச்சு சலத்தைப் போகச் சொல்லுங்கோ. கதிர்வீச்சுக் கணக்கும் நீங்கள் நினைக்கிற அளவு இல்லை, நான் முதல் சொன்ன 302 பேரின்ர ஆய்வில பிஎஸ்எம்ஏ பெட்-சீடிக்கு 8.4 மில்லிசீவேர்ட், பழைய சீடியும் எலும்பு ஸ்கானும் சேர்ந்து 19.2.

கேள்வி: ஐயாவுக்கு 81 வயசு. இதயத்துக்கும் மருந்து. ஆரோ முகாமில பிஎஸ்ஏ பாத்து 7 எண்டு வந்திட்டுது. பிள்ளையள் நாங்கள் நாலு நாட்டில, எல்லா ஸ்கானும் எடுக்கச் சொல்லி குறூப்பில ஒரே சண்டை. (மல்லாவி)

பதில்: ஐயாவுக்கு ஏதும் செய்யுதோ? எலும்பு நோவு, சலத்தில ரெத்தம், மெலிவு ஏதும் இல்லை எண்டா நான் உங்கட வீட்டு ஆளா இருந்தா ஒரு ஸ்கானும் எடுக்கமாட்டன். அந்த வயசில புரஸ்டேட் பெருத்திருக்கும், 7 எண்டது அதாலயே வரலாம். கான்சரே இருந்தாலும் அது பெரும்பாலும் ஐயாவை ஒண்டும் செய்யாது. இங்கிலாந்தில புரொடெக்ட் எண்டு ஒரு ஆய்வு, பரவாத கான்சர் உறுதியான 1643 பேரை, எல்லாரும் ஐயாவை விட இளம் ஆக்கள், 50இல இருந்து 69 வயசு, பதினைஞ்சு வரியம் பின்தொடர்ந்து பாத்தவை, ஒப்பரேஷன் செய்தவை, கரண்ட் (கதிர்வீச்சு வைத்தியம்) பிடிச்சவை, சும்மா கவனிச்சுக்கொண்டு இருந்தவை எண்டு மூண்டு கூட்டம். அந்தக் கான்சரால செத்தது மொத்தமா 2.7 வீதம், மூண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்கான் எவ்வளவு துல்லியமோ அவ்வளவுக்கு அது தேவையில்லாததையும் துல்லியமாக் கண்டுபிடிக்கும். நாலு நாட்டுப் பிள்ளையளும் ஆளுக்கொரு ஸ்கானுக்குக் காசு போடுறதை விட ஒராள் லீவு போட்டு வந்து ஐயாவோட ரெண்டு கிழமை நிண்டாக் காணும். எலும்பு நோவோட பிஎஸ்ஏ நூறு, இருநூறு எண்டு இருந்தா கதை வேற, அப்ப கிளினிக்கில கையால சோதிச்சு ஒரு எலும்பு ஸ்கானோட வைத்தியம் தொடங்குவினம், அதுக்கும் சென்னை போகத் தேவையில்லை.

கேள்வி: பிஎஸ்எம்ஏ ஸ்கானுக்குப் போகேக்க சாப்பிடாமப் போகவேணுமோ? (பரந்தன்)

பதில்: தேவையில்லை, அது எஃப்டிஜிக்குத் தான். சாப்பிட்டிட்டு, நல்லாத் தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ, நீங்கள் போற இடத்தில வேற மாதிரிச் சொன்னா அவை சொல்லுறதைக் கேளுங்கோ. மருந்து ஏத்தி ஒரு மணித்தியாலம் மட்டில இருத்தி வைப்பினம், மேசையில ஏற முதல் சலம் போங்கோ, சலப்பையில மருந்து நிறைஞ்சிருந்தா பக்கத்தில இருக்கிறது தெரியாது. ஹோர்மோன் ஊசி போட்டிருந்தா திகதியை எழுதிக்கொண்டு போங்கோ. முதல் எடுத்த எம்ஆர்ஐயின்ர ரிப்போட் கடதாசியை மட்டும் கொண்டு போகாதேங்கோ, படம் இருக்கிற டிஸ்க்கையும் கொண்டு போங்கோ, ரெண்டு படத்தையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சுப் பாத்தாத்தான் சேர்த்து எடுத்ததா அர்த்தம்.